ஜங்ஷன், சிம்லிங்க், நீளமான பாதைகள்: விண்டோஸிடம் நேரடியாகக் கேட்டுக் கையாள ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பழைய தற்காலிக ஃபோல்டர்களை இரவில் துடைத்துப்போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். 30 நாளாக யாரும் தொடாத ஃபோல்டராக இருந்தால், உள்ளே இருப்பதோடு சேர்த்து அழித்துவிடும். அந்தத் தற்காலிக ஃபோல்டருக்குள் யாரோ ஒரு ஜங்ஷன் போட்டு வைத்திருந்தார்கள். அது இன்னொரு டிரைவில் இருந்த ஸ்கேன் ஆவணங்களுக்குப் போகும் வழி. ஜங்ஷனின் தேதி பழையது. உள்ளே இருந்த ஆவணங்களோ அன்றாடம் சேர்ந்துகொண்டிருந்தவை. என் நிரலுக்கு அது வெறும் ஃபோல்டராகத்தான் தெரிந்தது. உள்ளே இறங்கி அசல் ஆவணங்களை ஒவ்வொன்றாக அழித்தது. பேக்கப்பிலிருந்து பெரும்பகுதி மீண்டது. கடைசி இரண்டு நாள் வேலை மீளவில்லை. அதை மறுபடி ஸ்கேன் செய்ய உட்கார்ந்தவர்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பாதை என்பது ஒரு பெயர். அந்தப் பெயர் இந்த நொடியில் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பது இயங்குதளத்துக்குத்தான் தெரியும். பாதையைச் சரமாக வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டி ஊகிப்பதை விட்டுவிட்டு, ஒரு ஹேண்டிலை, அதாவது திறந்த பொருளுக்கு இயங்குதளம் தரும் பிடியை, வாங்கி அதனிடமே கேட்கப் பழகினால் இந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவை வராது. அதை விண்டோஸில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். எந்த நிரல்மொழியில் எழுதினாலும் விண்டோஸின் அழைப்புகள் ஒன்றுதான். சி ஷார்ப்பில் மட்டும் மாட்டக்கூடிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன். மாறிலிகளின் மதிப்புகளை எல்லாம் பதின்ம எண்ணில் தருகிறேன்.

படி 1: எதெல்லாம் லிங்க்?

விண்டோஸின் வழக்கமான ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் மூன்று விதம் உண்டு. ஹார்ட் லிங்க் என்பது ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர். ஃபோல்டருக்குப் போட முடியாது, வேறு வால்யூமுக்கும் போக முடியாது. அதில் அசல், நகல் என்ற பேதமே இல்லை. கடைசிப் பெயர் அழியும்வரை தரவு இருக்கும்.

ஜங்ஷன் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. ஃபோல்டரை மட்டுமே குறிக்கும். இலக்கு முழுப் பாதையாக, அதே கணினியில் இருக்க வேண்டும். போடுவதற்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. சிம்லிங்க் விஸ்டாவில் வந்தது. ஃபைலையும் ஃபோல்டரையும் குறிக்கும், சார்புப் பாதை வைத்துக்கொள்ளலாம், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டருக்கும் போகலாம். ஆனால் போட உரிமை வேண்டும்.

ஜங்ஷன், சிம்லிங்க் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பொறிமுறை ஒன்றுதான்: ரீபார்ஸ் பாயிண்ட். ஃபைல் அல்லது ஃபோல்டரின் மேல் ஒட்டப்பட்ட ஒரு சிறிய தரவுத்துண்டு அது. அதிகபட்சம் 16,384 பைட். அதன் தலையில் 'டேக்' என்று ஓர் எண் இருக்கும். ஜங்ஷனுக்கு 2684354563, சிம்லிங்க்குக்கு 2684354572. இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் பாதையைப் படித்துக்கொண்டே போகும்போது இந்தத் துண்டு குறுக்கிட்டால், டேக்கைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரீபார்ஸ் பாயிண்ட் எல்லாமே லிங்க் கிடையாது. ஒன்டிரைவ் மேகத்தில் வைத்திருக்கும் ஃபைல்களுக்கும் ரீபார்ஸ் பாயிண்ட் உண்டு. 'ரீபார்ஸ் என்றால் ஒதுங்கு' என்று எழுதிய பேக்கப் நிரல், ஒன்டிரைவ் ஃபோல்டரை அப்படியே விட்டுவிட்டுப் போகும். டேக்கில் 29-ஆவது பிட், அதாவது 536870912, எரிந்திருக்கிறதா (1 ஆக இருக்கிறதா) என்று பாருங்கள். எரிந்திருந்தால் அது இன்னொரு பெயரிட்ட பொருளுக்குப் பதிலாக நிற்கிறது என்று பொருள். ஜங்ஷனுக்கும் சிம்லிங்க்குக்கும் அந்த பிட் எரிந்திருக்கும்.

படி 2: பாதையைத் தயார் செய்தல்

விண்டோஸின் பெரும்பாலான ஃபைல் அழைப்புகளுக்கு இரண்டு வடிவம் உண்டு: பெயரின் கடைசியில் 'ஏ' வருவது, 'டபிள்யூ' வருவது. எப்போதும் டபிள்யூ. நமக்கு இது வெறும் நல்ல பழக்கம் அல்ல, கட்டாயம். தமிழுக்கு விண்டோஸில் பழைய பாணி கோட்பேஜே (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) கிடையாது. ஏ வடிவத்துக்குத் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். கேள்விக்குறி ஃபைல் பெயரில் வரக்கூடாத குறி என்பதால் பிழை எண் 123 வந்து நிற்கும். செயலியின் மேனிஃபெஸ்டில், அதாவது செயலி தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில், யுடிஎஃப்-8 கோட்பேஜைக் கேட்டுக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து இருக்கிறது. இருந்தாலும் டபிள்யூவை விட நம்பகமான வழி இல்லை.

அப்புறம் நீளம். சாதாரணப் பாதைக்கு எல்லை 260 எழுத்து, முடிவில் வரும் பூஜ்ஜியத்தையும் சேர்த்து. ஃபோல்டர் உருவாக்கும்போது அது 248 ஆகக் குறையும், பழைய 8.3 பாணிப் பெயருக்கு இடம் விடுவதற்காக. இதைத் தாண்ட இரண்டு வழி. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பையும் செயலியின் மேனிஃபெஸ்டில் ஓர் அறிவிப்பையும் சேர்த்தால் எல்லை தளர்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. மற்றவருடைய கணினியில் ரெஜிஸ்ட்ரி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால் நான் இரண்டாவது வழியையே பிடிக்கிறேன்: பாதையின் முன்னால் \\?\ என்று சேர்ப்பது. அப்போது எல்லை ஏறத்தாழ 32,767 எழுத்து.

இந்த முன்னொட்டு வந்துவிட்டால் விண்டோஸ் பாதையைத் திருத்துவதை நிறுத்திவிடும். முன்சாய்கோட்டைப் பின்சாய்கோடாக மாற்றாது. ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி ஆகியவற்றைச் சுருக்காது. கடைசியில் இருக்கும் புள்ளியையும் இடைவெளியையும் வெட்டாது. 'அறிக்கை.' என்று புள்ளியோடு ஒரு ஃபைல் உண்மையிலேயே உருவாகிவிடும். பிறகு வழக்கமான செயலிகளால் அதைத் திறக்கவே முடியாது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கெட்ஃபுல்பாத்நேம் அழைத்து முழுப் பாதையாக்குங்கள், பிறகு முன்னொட்டைச் சேருங்கள். நெட்வொர்க் பாதை என்றால் தொடக்கத்திலுள்ள இரண்டு சாய்கோடுகளை எடுத்துவிட்டு \\?\யுஎன்சி\ என்று வரும். அங்கே 'யுஎன்சி' மூன்று ஆங்கில எழுத்துகள். முழுப் பாதையாக்கும் வேலையை நிரலின் தொடக்கத்தில் ஒரே முறை செய்துவிடுங்கள். நடப்பு ஃபோல்டர் என்பது புராசஸ் முழுவதற்கும் ஒன்றுதான். வேறொரு திரெட் அதை மாற்றினால் உங்கள் சார்புப் பாதை வேறெங்கோ போய் நிற்கும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. 'கொடி' என்ற பெயரில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. என்டிஎஃப்எஸ்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் 'கொடி' இரண்டு முறை தெரிந்தால் திகைக்க வேண்டாம். அதற்காக நீங்களாகவே யுனிகோட் இயல்பாக்கம் செய்து, அதாவது இரண்டையும் ஒரே வடிவமாக்கி, திறக்கப் பார்க்காதீர்கள். டிஸ்க் கொடுத்த பெயரை ஒரு குறியீடுகூட மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

படி 3: பட்டியலிடும்போதே கண்டுபிடித்தல்

ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல், ஃபைண்ட்நெக்ஸ்ட்ஃபைல் இரண்டும் ஒவ்வொரு பெயரோடும் பண்புகளையும் தருகின்றன. பண்பில் 1024 என்ற பிட் இருந்தால் அது ரீபார்ஸ் பாயிண்ட். அப்படி இருந்தால், அதே கட்டமைப்பில் 'ரிசர்வ்டு0' என்ற புலத்தில் டேக் வந்திருக்கும். பெயரைப் பார்த்து, பயன்படாத புலம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தனியாக ஓர் அழைப்பு போடாமலே இது லிங்க்கா என்று இங்கே தெரிந்துவிடுகிறது.

உங்கள் மொழியின் நூலகம் இதைச் சரியாகச் செய்யும் என்று நம்பி விட்டுவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பைத்தானில் ஐஸ்லிங்க் என்ற சோதனை ஜங்ஷனுக்கு 'இல்லை' என்றே சொல்லும். ஜங்ஷனுக்கென்று தனிச் சோதனை 3.12 பதிப்பில்தான் வந்தது. மரத்தையே அழிக்கும் ஆர்எம்ட்ரீ, ஜங்ஷனுக்குள் இறங்கி இலக்கைக் காலி செய்யும் பழக்கத்தை 3.8 பதிப்பில்தான் விட்டது. எனக்கு நடந்ததுபோல் எத்தனை பேருக்கு நடந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

படி 4: லிங்க்கையே திறத்தல்

ஹேண்டில் வாங்க கிரியேட்ஃபைல். ஃபைல் உருவாக்க மட்டும்தான் என்று பெயர் ஏமாற்றும். ஃபோல்டரைத் திறக்கவும் இதுதான். இரண்டு கொடிகள், அதாவது அழைப்பின் நடத்தையை மாற்றும் குறி எண்கள், வேண்டும். ஒன்று பேக்கப் செமாண்டிக்ஸ், மதிப்பு 33554432. இது இல்லாமல் ஃபோல்டரைத் திறந்தால் பிழை எண் 5, அனுமதி இல்லை என்று வரும். அனுமதியைத் தேடி அலையாமல் முதலில் இந்தக் கொடியைப் பாருங்கள். இன்னொன்று ஓப்பன் ரீபார்ஸ் பாயிண்ட், மதிப்பு 2097152. இது இருந்தால் லிங்க் திறக்கும். இல்லையென்றால் லிங்க்கின் வழியே போய் இலக்கு திறக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கொடியைச் சுற்றித்தான் நிற்கிறது.

வெறும் தகவல் கேட்க வேண்டுமென்றால் அணுகல் உரிமை பூஜ்ஜியமாக இருக்கலாம். பகிர்வில் மூன்றையும், அதாவது படித்தல், எழுதுதல், அழித்தல், அனுமதியுங்கள். திறப்பு முறை 'இருப்பதைத் திற', எண் 3. தோற்றால் திரும்பி வருவது கழித்தல் 1, பூஜ்ஜியம் அல்ல. பூஜ்ஜியத்தோடு ஒப்பிட்டால் தோல்வியை வெற்றி என்று எடுத்துக்கொள்வீர்கள். சி ஷார்ப்பில் பாதுகாப்பான ஃபைல் ஹேண்டில் வகையைப் பயன்படுத்துங்கள், கசிவு இருக்காது. பிழை எண்ணை அடுத்த வரியிலேயே எடுத்துவிடுங்கள்.

படி 5: லிங்க் எங்கே காட்டுகிறது?

திறந்த ஹேண்டிலை டிவைஸ்ஐஓகன்ட்ரோலுக்குக் கொடுத்து, கட்டுப்பாட்டு எண் 589992 போட்டு, 16,384 பைட் இடம் ஒதுக்குங்கள். ரீபார்ஸ் பாயிண்ட் இல்லாத பொருள் என்றால் 4390 என்ற பிழை வரும். அது பிழை என்பதைவிட ஒரு பதில்.

வந்த தரவை இப்படிப் படிக்க வேண்டும். முதல் 4 பைட் டேக். அடுத்த 2 பைட் மீதித் தரவின் நீளம். அடுத்த 2 பைட் ஒதுக்கப்பட்டவை. அதன்பின் தலா 2 பைட்டாக நான்கு எண்கள்: மாற்றுப் பெயரின் தொடக்கம், நீளம், காட்சிப் பெயரின் தொடக்கம், நீளம். ஜங்ஷனுக்கு இதன் பின்னால், அதாவது 16-ஆவது பைட்டில், எழுத்துகள் தொடங்கும். சிம்லிங்க்குக்கு நடுவில் 4 பைட் கொடி ஒன்று கூடுதலாக வரும். எழுத்துகள் 20-இல் தொடங்கும். அந்தக் கொடி 1 என்றால் சார்புப் பாதை. இரண்டையும் ஒரே கட்டமைப்பால் படித்தால் பாதையின் முதல் இரண்டு எழுத்து காணாமல் போகும், அல்லது முன்னால் குப்பை வரும். தொடக்கமும் நீளமும் பைட்டில் சொல்லப்படுகின்றன, எழுத்தில் அல்ல. எழுத்து எண்ணிக்கை வேண்டுமென்றால் இரண்டால் வகுக்க வேண்டும். தொடக்கம் எண்ணப்படுவது எழுத்துகள் தொடங்கும் இடத்திலிருந்து.

மாற்றுப் பெயர்தான் கர்னல் பின்பற்றுவது. முழுப் பாதையாக இருந்தால் அது \??\ என்று தொடங்கும். இது கர்னலின் பெயர்வெளி, மேலே சொன்ன \\?\ அல்ல. காட்சிப் பெயர் மனிதர்கள் பார்க்க மட்டும். அது காலியாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், கர்னல் அதைச் சரிபார்ப்பதில்லை. எந்த முடிவையும் காட்சிப் பெயரை வைத்து எடுக்காதீர்கள். ஒரு வால்யூமை ஃபோல்டரில் மவுண்ட் செய்தாலும் ஜங்ஷனின் அதே டேக்தான் வரும். மாற்றுப் பெயரில் டிரைவ் எழுத்துக்குப் பதில் வால்யூமின் நீண்ட அடையாளம் இருப்பதை வைத்துப் பிரித்தறியலாம்.

படி 6: கடைசி இலக்கு

ஒரு லிங்க் இன்னொரு லிங்க்கைக் காட்டலாம், அது மூன்றாவதை. நீங்களே சங்கிலியைப் பின்தொடர வேண்டாம். ஓப்பன் ரீபார்ஸ் கொடி இல்லாமல் இன்னொரு ஹேண்டில் திறந்து, கெட்ஃபைனல்பாத்நேம்பைஹேண்டில் அழையுங்கள். எல்லா லிங்க்குகளும் அவிழ்ந்த பாதை \\?\ முன்னொட்டோடு வரும். ஒதுக்கிய இடம் போதாவிட்டால், முடிவுப் பூஜ்ஜியத்தையும் சேர்த்துத் தேவையான அளவு திரும்பும். வெற்றி பெற்றால் முடிவுப் பூஜ்ஜியத்தைச் சேர்க்காத நீளம் திரும்பும். லிங்க்குகள் சுழன்று சுழன்று தங்களையே காட்டினால் திறக்கும்போதே 1921 வரும். ஒரு பாதையில் 63 ரீபார்ஸ் பாயிண்ட்டுக்கு மேல் கர்னல் போகாது.

இரண்டு பாதைகள் ஒரே பொருளா என்று தெரிய வேண்டுமென்றால் சரங்களை ஒப்பிடாதீர்கள். இரண்டையும் திறந்து கெட்ஃபைல்இன்ஃபர்மேஷன்பைஹேண்டில் மூலம் வால்யூமின் வரிசை எண்ணையும் ஃபைல் குறியீட்டின் இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றானால் பொருள் ஒன்று. விண்டோஸின் இன்னொரு ஃபைல் அமைப்பான ஆர்இஎஃப்எஸ்ஸில் அடையாளம் 128 பிட் என்பதால் அங்கே பெயரில் 'இஎக்ஸ்' சேர்ந்த வடிவத்தை அழைக்க வேண்டும்.

படி 7: ஜங்ஷன் போடுதல்

ஜங்ஷனுக்கென்று நேரடி அழைப்பை விண்டோஸ் நீண்டகாலம் தரவில்லை. ரீபார்ஸ் தரவை நாமே கட்டித்தான் கொடுக்க வேண்டும். முதலில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் 145 வரும். எழுதும் உரிமையோடு, மேலே சொன்ன இரண்டு கொடிகளோடும் திறங்கள். கட்டுப்பாட்டு எண் 589988.

கணக்கை ஓர் உதாரணத்தோடு போட்டுப் பார்ப்போம். இலக்கு டி டிரைவில் உள்ள 'களஞ்சியம்'. அந்தச் சொல்லில் கண்ணுக்குத் தெரிவது 6 எழுத்து. குறியீடுகளோ 9, புள்ளிகளையும் கொக்கியையும் சேர்த்து. முன்னால் \??\ என்ற 4, டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும் சாய்கோடுமாக 3. மொத்தம் 16 குறியீடு, 32 பைட். காட்சிப் பெயரில் முதல் 4 இல்லை. 12 குறியீடு, 24 பைட். மாற்றுப் பெயர் 0-இல் தொடங்கி நீளம் 32. அதன்பின் 2 பைட் பூஜ்ஜியம். காட்சிப் பெயர் 34-இல் தொடங்கி நீளம் 24. மறுபடி 2 பைட் பூஜ்ஜியம். எழுத்துப் பகுதி மொத்தம் 60. நான்கு எண்களுக்கு 8 சேர்த்தால் 68. தலையில் 'மீதித் தரவின் நீளம்' என்று எழுத வேண்டியது இதுதான். அழைப்புக்குக் கொடுக்கும் மொத்த அளவு, தலையின் 8-ஐயும் சேர்த்து, 76. இந்த எண்களில் ஒன்று பிசகினாலும் கர்னல் மறுத்துவிடும். மறுத்தால், உருவாக்கிய காலி ஃபோல்டரை மறக்காமல் அகற்றுங்கள்.

சிம்லிங்க் இதைவிட எளிது: கிரியேட்சிம்பாலிக்லிங்க். ஃபோல்டர் என்றால் கொடி 1. டெவலப்பர் மோடு போட்ட விண்டோஸ் 10 கணினியில் கூடவே 2-ஐயும் சேர்த்தால் நிர்வாகி உரிமை இல்லாமல் போடலாம். உரிமை இல்லையென்றால் 1314. சி ஷார்ப்பில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த அழைப்பு திருப்பித் தருவது ஒற்றை பைட் உண்மை-பொய். வழக்கமான 4 பைட் வகை அல்ல. மார்ஷல் வகையை (சி ஷார்ப்புக்கும் விண்டோஸுக்கும் இடையே மதிப்பு கைமாறும் வடிவத்தை) ஒரு பைட்டாகக் குறிப்பிடாவிட்டால் மேல் பைட்டுகளின் குப்பையால் தோல்வியும் வெற்றியாகத் தெரியும்.

படி 8: அழித்தல்

ஃபோல்டர் லிங்க்கை அகற்ற ரிமூவ்டைரக்டரி. இலக்கில் எவ்வளவு இருந்தாலும் லிங்க் மட்டுமே போகும். ஃபைல் சிம்லிங்க்குக்கு டெலீட்ஃபைல். ஃபோல்டரை வைத்துக்கொண்டு ஜங்ஷன் தன்மையை மட்டும் நீக்க வேண்டுமென்றால் கட்டுப்பாட்டு எண் 589996, டேக்கும் பூஜ்ஜிய நீளமும் உள்ள 8 பைட் தலை.

மரத்தை இறங்கி அழிக்கும்போது, லிங்க் என்று தெரிந்ததை அகற்றுங்கள், உள்ளே இறங்காதீர்கள். ஆனால் இதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. பட்டியலில் சாதாரண ஃபோல்டர் என்று பார்த்துவிட்டு நீங்கள் இறங்குவதற்குள், வேறொருவர் அதை நகர்த்திவிட்டு அதே பெயரில் ஜங்ஷன் வைக்கலாம். உயர் உரிமையில் ஓடும் துடைப்பு நிரலைச் சாதாரணப் பயனர் ஏமாற்றுவது பெரும்பாலும் இப்படித்தான். இறங்குவதற்கு முன் அந்த ஃபோல்டரை, உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் உரிமையோடு, ஓப்பன் ரீபார்ஸ் கொடியோடு, 'அழித்தல்' பகிர்வை அனுமதிக்காமல் திறங்கள். அந்த ஹேண்டிலிடமே கெட்ஃபைல்இன்ஃபர்மேஷன்பைஹேண்டில்இஎக்ஸ் மூலம் பண்பையும் டேக்கையும் கேளுங்கள். ஹேண்டில் திறந்திருக்கும்வரை யாரும் அதன் பெயரை மாற்றவோ அழிக்கவோ முடியாது. பூஜ்ஜிய உரிமையோடு திறந்த ஹேண்டிலுக்கு இந்தக் காவல் கிடையாது. பகிர்வுச் சோதனையில் அது சேர்வதே இல்லை. தனிப்பட்ட பொருளை அழிக்கவும் அழிக்கும் உரிமையோடு திறந்து, சோதித்து, அதே ஹேண்டிலில் செட்ஃபைல்இன்ஃபர்மேஷன்பைஹேண்டில் போட்டு அழியுங்கள். சோதித்ததும் அழித்ததும் ஒரே பொருள் என்ற உறுதி அப்போதுதான் கிடைக்கும்.

லினக்ஸில் எழுதுவோருக்கு

அங்கே எல்லாமே இன்னும் நேராக இருக்கிறது. எல்ஸ்டாட் லிங்க்கைச் சொல்லும், ஸ்டாட் இலக்கைச் சொல்லும். பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் எல்ஸ்டாட்டும் இலக்குக்குப் போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ரீட்லிங்க் முடிவுப் பூஜ்ஜியம் போடாது. திரும்பிய நீளத்தை வைத்து நீங்களே போட வேண்டும். நோஃபாலோ கொடி பாதையின் கடைசித் துண்டுக்கு மட்டுமே காவல். நடுவில் உள்ள லிங்க்குகளை அது தடுக்காது. லினக்ஸ் 5.6-இல் வந்த ஓப்பன்ஏட்2 அழைப்பில், லிங்க்கே வேண்டாம் என்றும், இந்த ஃபோல்டருக்கு வெளியே போகாதே என்றும் கர்னலிடமே சொல்லிவிடலாம்.

பெயர் நீளம் அங்கே 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் 85 குறியீடுதான் பிடிக்கும். விண்டோஸில் 255 குறியீடு பிடித்த ஒரு தமிழ்த் தலைப்பு லினக்ஸ் பேக்கப்பில் நகலாகாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். லினக்ஸில் சிம்லிங்க்கைத் தற்காலிகப் பெயரில் போட்டு, ரீநேம் மூலம் பழையதன் மேல் வைத்தால் ஒரே அடியில் மாறிவிடும். விண்டோஸின் மூவ்ஃபைல்இஎக்ஸ், இருக்கும் ஃபோல்டரின் மேல் எழுதாது. அந்த வசதியை எதிர்பார்த்துத் திட்டமிடாதீர்கள்.

படி 9: சோதனை

கமாண்ட் பிராம்ப்ட்டில் எம்கேலிங்க் கட்டளையின் ஜே விருப்பத்தால் ஜங்ஷனும், டி விருப்பத்தால் ஃபோல்டர் சிம்லிங்க்கும் போட்டு ஒரு சோதனை மரம் கட்டுங்கள். அதில் இவை இருக்கட்டும்: மரத்துக்கு வெளியே காட்டும் ஜங்ஷன், இலக்கு அழிந்துபோன ஜங்ஷன், தன் தாய் ஃபோல்டரையே காட்டும் ஜங்ஷன், சார்புப் பாதை சிம்லிங்க், 260 எழுத்தைத் தாண்டும் தமிழ்ப் பெயர்ப் பாதை, 'கொடி' இரண்டு விதமாக. வெளியே உள்ள இலக்கில் ஒரு ஃபைலை வைத்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். ஓடி முடிந்தபின் அது அங்கேயே இருக்க வேண்டும்.

தன் தாய் ஃபோல்டரையே காட்டும் ஜங்ஷன் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு விண்டோஸ் பயனரின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளும் 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற மறைந்த ஜங்ஷன் ஒன்று இருக்கிறது. பழைய நிரல்களுக்காக வைக்கப்பட்ட அது, தான் இருக்கும் அதே ஃபோல்டரைத்தான் காட்டுகிறது. பட்டியலிட அனுமதி மறுத்து வைத்திருப்பதால் சாதாரணமாக யாரும் அதில் சிக்குவதில்லை. பேக்கப் சலுகையை, அதாவது பேக்கப்புக்காக அனுமதிச் சோதனையைத் தாண்டிப் படிக்கவிடும் உரிமையை, இயக்கிக்கொண்டு ஓடும் நிரலுக்கு அந்த மறுப்பு பொருந்தாது. உங்கள் நிரலை ஒருமுறை அந்தச் சலுகையோடு, அந்த ஃபோல்டரின் மேல், எதையும் அழிக்காமல் பட்டியல் மட்டும் எடுக்கும் முறையில் ஓட்டி, அது ஒரே ஃபோல்டருக்குள் மறுபடி மறுபடி இறங்காமல் முடிகிறதா என்று பாருங்கள்.